மூணு ராஜாக்களைத் தள்ளினவர்

அவரு பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. கோவமெல்லாம் ஒண்ணும் கிடையாது. "எந்தக் காரியத்துலயும் நம்ம பேரு வெளிய வரக் கூடாது" என்பதுதான் அவரு ஆட்டத்துல முதல் விதி. அதை நான் மீறினதாக் கேள்விப்பட்டா, அடுத்த தடவை பாக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே டீ வாங்கிக் குடுப்பாரு. ஒரு மாசம் கழிச்சு எனக்கு ஏதாவது ஒண்ணு நடக்கும். யாரு செஞ்சதுன்னே தெரியாது. எதுக்கு வம்பு? சிஸ்டம் அண்ணன்னே வெச்சுக்குவோம். படப்பையில நாங்க குடியிருந்த லைன் வீட்டுல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அந்த வரிசையில கம்ப்யூட்டர் வெச்சிருந்த ஒரே ஆளு அவருதான்.

நான் நாசரேத் பக்கம். ஐ.டி.ஐ. முடிச்ச சூட்டோட ஒரகடத்துக்கு வந்து, கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யற ஒரு கம்பெனியில வெல்டிங் லைன்ல சேர்ந்தேன். அண்ணன் அதே கம்பெனியில குவாலிட்டி செக்கிங். என்னைவிட எட்டொம்போது வயசு மூத்தவரு. அரக்கோணம் பக்கத்து ஆர்.சி. குடும்பம், கத்தோலிக்கரு. கல்யாணம் ஆகல. ஒல்லியா, லேசாக் கூனிக்கிட்டு நடப்பாரு. கூட்டத்துல நின்னா கண்ணுலயே பட மாட்டாரு. ஒரு ஆயுத பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோவுல இவரு எங்கன்னு ரூம்ல எல்லாரும் உக்காந்து தேடினோம். பூசணிக்காயைத் தூக்கிப் பிடிச்சவருக்குப் பின்னாடி ஒரு காது தெரிஞ்சுது. அது இவருதான்னு அவரே ஒத்துக்கிட்டாரு.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்தாருன்னா, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சிஸ்டம் முன்னாடி உக்காந்துடுவாரு. அவருகிட்ட இருந்தது ஒரே ஒரு ஆட்டம். திறந்தா ஐரோப்பா வரைபடம் விரியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஐரோப்பா. பெரிய ராஜா, சின்ன ராஜா, ஜமீன்தாரு, பிஷப்புன்னு எறும்புக் கூட்டமா ஆளுங்க. அதுல ஒருத்தரை நீங்க எடுத்துக்கணும். கல்யாணம் பண்ணணும், பிள்ளை பெத்துக்கணும், ஊரைப் பிடிக்கணும். நீங்க செத்தாலும் ஆட்டம் முடியாது. உங்க மகனா மாறி மேற்கொண்டு ஆடணும். வாரிசு இல்லாமச் செத்தாத்தான் எல்லாம் காலி.

நாங்க யாராவது உக்காந்தா பிரான்ஸைத்தான் எடுப்போம். பெரிய நாடு, பெரிய படை. எடுத்த எடுப்புல பக்கத்து நாட்டு மேல போர். மத்தியானச் சோத்துக்குள்ள கஜானா துடைச்சுப் போயிருக்கும், கூடப்பிறந்த தம்பியே படையைத் திரட்டிக்கிட்டுக் கோட்டை வாசல்ல நிப்பான். அண்ணன் பக்கத்துல உக்காந்து பொட்டுக்கடலையை மென்னுக்கிட்டு வேடிக்கை பார்ப்பாரு. அவரு எடுக்கிறது எப்பவும் ஏதாவது மலை இடுக்குல ஒரே ஒரு கோட்டை உள்ள நாடு. அதை நாடுன்னு சொல்றதே பாவம். ஏண்ணே இப்படின்னு கேட்டா, "சின்னதா கீதுன்னா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்டா" என்பாரு. சாயங்காலம் பார்த்தா வரைபடத்துல பாதி அவரு கலர்ல இருக்கும். ஒரு போர் கூட நடந்திருக்காது. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எப்படின்னா எல்லாம் கோக்குமாக்கு வேலை. பட்டத்துக்கு ஆசைப்பட்டுக் குடைச்சல் குடுக்கிற சித்தப்பா ஒருத்தன் இருந்தா, நாம சிறையில போடுவோம். இவரு அவனைக் கூப்பிட்டு, மரியாதை பண்ணி, பிஷப் ஆக்கிடுவாரு. பிஷப் ஆனவனுக்குப் பட்டத்துல பாத்தியதை கிடையாது. சித்தப்பா சந்தோஷமா அங்கியைப் போட்டுக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருப்பான். பக்கத்து ராஜா படையெடுத்து வர்றான்னு தெரிஞ்சா, தன்கிட்ட இருக்கறதுலயே அடங்காத ஊரா ஒண்ணைப் பார்த்து அவனுக்குப் பரிசாக் குடுத்துடுவாரு. அவன் வாயெல்லாம் பல்லா வாங்கிக்குவான். அப்புறம் அந்த ஊர்க் கலகத்தை அடக்கறதுக்கே அவன் ஆயுசு போயிடும். எதிரியோட மகனை வாங்கி வந்து தன் அரண்மனையில வளர்ப்பாரு. பையன் பெரியவனாகி அப்பன் நாட்டுக்கு ராஜாவாப் போகும்போது இவரை விட்டா அவனுக்கு நாதி இருக்காது.

இதெல்லாம் ஆட்டத்தோட நின்னா நான் ஏன் எழுதப் போறேன். எங்க லைன் வீட்டுல நாலு ரூமுக்கும் ஒரே தண்ணித் தொட்டி. மூணாம் ரூம்ல ராமநாதபுரத்துக்காரரு ஒருத்தரு இருந்தாரு. தொண்டை அப்படி. தினமும் காலையில தண்ணி காலின்னு தெருவே கேக்கற மாதிரி கத்துவாரு. நாங்க ரெண்டு பேரு பதிலுக்குக் கத்தப் போய் ஒருநாள் கைகலப்பாகப் பார்த்தது. அண்ணன் வீட்டு ஓனர்கிட்ட என்ன பேசினாரோ, மறுநாள் ஓனரே வந்து மோட்டார் ரூம் சாவியை ராமநாதபுரத்துக்காரரு கையில குடுத்து, இனிமே தண்ணிப் பொறுப்பு உங்களுதுன்னுட்டாரு. அன்னையிலேர்ந்து விடியுமுன்னே தொட்டி நிறைஞ்சிருக்கும். அவரு சட்டைப் பையில சாவி தொங்கும். நான் அண்ணனைப் பார்த்தேன். அவரு பல் தேச்சுக்கிட்டே, "பிஷப் ஆயிட்டாரு" என்றாரு.

அடுத்தது கம்பெனி பஸ் விவகாரம். பஸ் எங்க சந்து முனையைத் தாண்டி, ஒரு கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் பங்குலதான் நிக்கும். சந்து முனையில நிறுத்தச் சொல்லி நாங்க ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தாச்சு, டிரைவர்கிட்ட சண்டை போட்டும் பார்த்தாச்சு. டிரைவரு படப்பைக்காரரு. அம்பது வயசிருக்கும். கண்ணாடி முன்னாடி மாதா படம், நெத்தியில எப்பவும் ஒரு கோபச் சுருக்கம். ஸ்டாப் இல்லாத எடத்துல எமன் கையைக் காட்டினாலும் நிறுத்த மாட்டேன்னாரு.

அண்ணன் ஒண்ணைக் கவனிச்சிருந்தாரு. கம்பெனி கேட் கடையில டிரைவரு டீ வாங்கி ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழ ஊத்திடுவாரு. அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை வேணாம்னு சொன்னாலும் அவசரத்துல எவனும் காதுல வாங்கறதில்ல. எங்க சந்து முனையில ஒரு டீக்கடை, கடைக்கு எதிர்ல ஒரு வேகத்தடை. அண்ணன் டீ மாஸ்டர்கிட்டச் சொல்லி வெச்சாரு. பஸ் வேகத்தடையில ஏறி இறங்கும்போது மாஸ்டர் ரோட்டோரமா நின்னு, இஞ்சி தட்டிப் போட்ட சர்க்கரை இல்லாத டீயை ஜன்னல்ல நீட்டணும். யாரு சொன்னதுன்னு சொல்லக் கூடாது. முதல் நாள் டிரைவரு முறைச்சுட்டு வாங்கினாரு. ரெண்டொரு நாள்ல பஸ்ஸு அங்க தானா நின்னுது. டீ குடிக்கத்தான் நிறுத்தினாரு, நாங்க ஏறிக்கிட்டோம். ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டா, அந்த ஸ்டாப்பை அவரு அப்பா காலத்துலேர்ந்து இருக்கறதாவே சொல்லியிருப்பாரு.

நேராக் கேட்டா என்னண்ணே, வாயிலேர்ந்து முத்தா கொட்டிடும்னு ஒரு ஞாயித்துக்கிழமை நான் அவரைச் சீண்டினேன். அப்பத்தான் சொன்னாரு. சொல்லும்போது கண்ணைத் திரையிலேர்ந்து எடுக்கல. சின்ன வயசுல அவரு மாமன் மகள் மேல ஆசைப்பட்டு, யாரையும் தூது அனுப்பாம, தானே ஒரு பையில பழம் வாங்கிக்கிட்டுப் போய் மாமனைக் கேட்டிருக்காரு. வீடு நிறைய சொந்தக்காரங்க. மாமன் எல்லாரையும் ஒரு சுத்து பார்த்துட்டு, எந்தத் தைரியத்துல வந்தேன்னு கேட்டுச் சிரிச்சிருக்காரு. எல்லாரும் சேர்ந்து சிரிச்சிருக்காங்க. இவரு பழத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு.

"வர்ற வழியில ரயில்ல நானே எல்லாத்தையும் துன்னுட்டேன். ஆரஞ்சு நல்லா இருந்துச்சு" என்றாரு.



இதுல என் கதை எங்க வருதுன்னா, ஷேர் ஆட்டோவுல வருது. படப்பையிலேர்ந்து தாம்பரம் போற ஷேர் ஆட்டோவுல, மூணு பேர் சீட்டுல நாலாவதா நான் அரை உடம்போட ஒட்டிக்கிட்டு இருந்தப்ப, இன்னும் கொஞ்சம் தள்ளினா நான் டிரைவர் மடியிலதான் உக்காரணும்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அதுதான் ஜெனி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில லைன்ல வேலை. ஆறு மாசம் பேசிப் பழகினதுக்கு அப்புறம்தான், அவ அப்பா யாருன்னு கேட்டேன். எங்க பஸ் டிரைவரு.

ஜெனி கறாரா சொல்லிட்டா. ஓடி வர மாட்டேன், அப்பா சம்மதிச்சாத்தான் கல்யாணம். அப்பாவோ ஆர்.சி. பையனைத் தவிர வேற யாரையும் வீட்டுப் படி ஏத்த மாட்டாரு. நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட். நேரா போய்க் கேட்டுடட்டுமான்னு அண்ணன்கிட்ட யோசனை கேட்டேன். அவரு பதறிட்டாரு.

"வோணாம்டா. கேட்டா 'இல்ல'ன்னு சொல்ல அவருக்கு ஒரு வாய் கிடைச்சிடும். சொல்லிட்டாருன்னா அப்புறம் மாத்திக்க மாட்டாரு. அவரே வந்து உன்னைக் கேக்கணும்."

படப்பையில டிரைவரு குடியிருப்புல ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. கிறிஸ்மஸுக்குக் கோயில் வாசல்ல, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைங்களை வெச்சுக் குடிலாப் போடறது டிரைவரு பொறுப்பு. முந்தின வருஷம் பக்கத்துக் குடியிருப்புக்காரங்க அவங்க குடில்ல நிஜத் தண்ணியில அருவி விட்டுட்டாங்க. அதுலேர்ந்து டிரைவருக்குத் தூக்கம் இல்ல. இதை எல்லாம் டீக்கடையில நின்னே அண்ணன் தெரிஞ்சு வெச்சிருந்தாரு. நவம்பர்ல ஒருநாள் டிரைவரு ஜன்னல்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது, அண்ணன் மாஸ்டர்கிட்டப் பேசற மாதிரி பேசினாரு. எங்க ரூம்ல ஒரு வெல்டர் பையன் இருக்கான், அவங்க ஊரு குடில்ல குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூணு ராஜாவும் மலையிலேர்ந்து நடந்து வர்ற மாதிரி செஞ்சானாம்னு. அடப்பாவி. எங்க ஊரு கோயில்ல குடிலே போட்டதில்ல.

மறுநாள் டிரைவரு திரும்பிப் பார்த்து, யாருப்பா அந்த வெல்டருன்னு கேட்டாரு. அண்ணன் உத்தரவுப்படி நான் நெளிஞ்சு, அதெல்லாம் சும்மான்னு சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். மூணாவது நாள் டிரைவரு என்னைத் தோளைப் பிடிச்சு இழுக்காத குறையா குடியிருப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் ஜெனி இருந்த பக்கமே திரும்பல. அதுவும் உத்தரவு. அவ அதுக்குத் தனியா என்கிட்டச் சண்டை போட்டா.

குடில் முழுக்க அண்ணன் மூளை. பழைய இரும்புக் கடையில சைக்கிள் செயின், பஸ் வைப்பர் மோட்டாரு எல்லாம் பொறுக்கிட்டு வந்தாரு. செயின்ல மூணு தகடு, தகடு மேல மூணு ராஜா பொம்மை. மலைக்குப் பின்னாடியிலேர்ந்து வந்து, மாட்டுத்தொழுவம் வரைக்கும் வந்து குனிஞ்சு நின்னுட்டு, மறுபடி பின்னாடி போய்ச் சுத்தி வரணும். நான் வெல்டிங் வெச்சது இரும்புச் சட்டம் மட்டும்தான். சாக்கை நனைச்சு மலை செஞ்சதும் அவரு, ஒட்டகத்துக்கு வால் ஒட்டினதும் அவரு. ஆனா குடியிருப்பு ஆளுங்க யாராவது எட்டிப் பார்த்தா உடனே ஒரு ஸ்பேனரைக் கையில எடுத்துக்கிட்டு எனக்கு எடுபிடி மாதிரி நின்னுக்குவாரு.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் குடிலைத் திறந்தாங்க. பாட்டுக் கோஷ்டி, ஃபாதரு, பக்கத்துக் குடியிருப்புலேர்ந்து உளவு பார்க்க வந்த ஆளுங்கன்னு நல்ல கூட்டம். சுவிட்சைப் போட்டதும் மூணு ராஜாவும் மலையிலேர்ந்து மெதுவா இறங்கி வந்தாங்க. வாண்டுங்க எல்லாம் முண்டியடிச்சு முன்னாடி போய் உக்காந்துக்கிச்சுங்க. அருவி விட்டவங்க முகத்தைப் பார்க்கணுமே. டிரைவரு என் கழுத்துல சால்வை போட்டு, எங்க வூட்டுப் பிள்ளை மாதிரின்னு மைக்குல சொன்னாரு. ஜெனி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பாட்டு முடியற வரைக்கும் ராஜாக்கள் ஒரு குலுக்கல் இல்லாம வந்து போய்க்கிட்டே இருந்தாங்க.

எல்லாரும் கலைஞ்சதுக்கு அப்புறம் பின்பக்கத் துணியை விலக்கிப் பார்த்தா, அண்ணன் முட்டி போட்டு உக்காந்திருக்காரு. முழங்கை வரைக்கும் கிரீஸ். ரெண்டாவது சுத்துலயே மோட்டாரு புகைஞ்சிடுச்சாம். பாட்டு முழுக்க அவருதான் கையால தகட்டைத் தள்ளியிருக்காரு. முட்டி தேஞ்சு ரத்தம். ஆனா முகத்துல அவ்வளவு சந்தோஷம். "எவனுக்கும் தெரியலடா" என்றாரு.

பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை டிரைவரு எங்க ரூமுக்கு வந்தாரு. வெள்ளை வேட்டி, கையில ஒரு பழக் கவரு. நான் சட்டை மாத்தற மாதிரி கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன். அண்ணன் நாற்காலியைத் துடைச்சுப் போட்டு டீ வரவழைச்சாரு. டிரைவரு சுத்தி வளைக்கல. அந்தப் பையனை எங்க குடும்பத்துல எடுத்துக்கலாம்னு இருக்கேன், சி.எஸ்.ஐ.யா இருந்தாலும் பரவாயில்ல, ஃபாதர்கிட்டயே பேசிட்டேன், அவங்க ஊருக்கு நீங்கதான் தகவல் சொல்லணும்னாரு. எனக்குக் கதவோட சேர்த்து ஆடணும் போல இருந்தது.

"எங்க அக்கா பொண்ணு சகாயமேரிக்குத்தான் கேக்குறேன்" என்றாரு.

டிரைவரோட அக்கா புருஷன் சின்ன வயசுலயே இறந்துட்டாரு. அக்காவும் மகளும் இவரு வீட்டுலதான் இருந்தாங்க. தாய்மாமன் நான் இருக்கறப்ப இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது, அவளுக்கு முடிக்காம என் பொண்ணைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன்னு அவரு அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்காரு. நல்ல பையனா எவன் கண்ணுல பட்டாலும் அவன் முதல்ல சகாயமேரிக்குத்தான். அண்ணன் என்னை எவ்வளவுக்கு எவ்வளவு நல்லவனாக் காட்டினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு நான் ஜெனிக்கு இல்லாமப் போயிட்டேன்.

இதே தப்பை அவரு ஆட்டத்துலயும் ஒருதடவை செஞ்சிருந்தாரு. கடலோரமா ஒரு நாட்டுக்கு ஆசைப்பட்டு, அந்த ராஜா மகளைத் தன் மகனுக்குக் கட்டி வெச்சு, பொறுமையாக் காத்துக்கிட்டு இருந்தாரு. ராஜா செத்தான். பட்டம் ராஜாவோட அக்கா மகனுக்குப் போச்சு. அந்த நாட்டு வழக்கம் அது. வழக்கத்தை விசாரிக்காமக் கல்யாணம் பண்ணிட்டேனேடான்னு அன்னைக்கு மண்டையில அடிச்சுக்கிட்டாரு. இந்தத் தடவையும் டிரைவரு குடும்பத்து வழக்கத்தை அவரு விசாரிக்கல. ஜெனி என்கிட்டச் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

கதவு இடுக்குல நான் அவருக்குக் கையைக் காட்டினேன். ஏதாவது பண்ணுங்கண்ணே, எதையாவது சொல்லி இழுத்தடிங்கன்னு. அவருகிட்ட நூறு தந்திரம் இருக்கும்னு எனக்குத் தெரியும். அவரு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாரு. அப்புறம் சிஸ்டத்தை அணைச்சாரு. டிரைவரு பக்கமாத் திரும்பி உக்காந்தாரு. டீ கிளாஸைக் கீழ வெச்சாரு.

"நேராவே சொல்லிடறேண்ணே. அவன் ஆசைப்படறது உங்க பொண்ணு ஜெனியை. அந்தப் பொண்ணுக்கும் இவனைத்தான் புடிச்சிருக்கு. இஞ்சி டீலேர்ந்து குடில் வரைக்கும் எல்லாம் என் வேலை. உங்களைக் கேக்க பயந்துகினு பண்ணேன். அவன் மேல தப்பு இல்ல. உங்க பொண்ணை அவனுக்குக் குடுங்க."

ஒரு பொண்ணோட அப்பன் முன்னாடி உக்காந்து அவரு இப்படிக் கேட்டது வாழ்க்கையில ரெண்டாவது தடவை. டிரைவரு டீயைக் குடிச்சு முடிச்சாரு. எழுந்தாரு. கொண்டு வந்த பழக் கவரைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

திங்கக்கிழமை பஸ்ஸு டீக்கடையில நிக்கல. மாஸ்டர் டீயை நீட்டிக்கிட்டே நின்னாரு, பஸ்ஸு வேகத்தடையில ஒரு குதி குதிச்சுட்டுப் போயிடுச்சு. மறுபடி பெட்ரோல் பங்குக்கு நடை. பின்னாடி வந்த ராமநாதபுரத்துக்காரரு வழி நெடுக எங்க ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே வந்தாரு. தப்பு சொல்ல முடியாது. பஸ்ல டிரைவரு எங்களைக் கண்ணாடியில கூடப் பார்க்கறதில்ல. ஜெனி போன்ல அழுதா, வீட்டுல யாரும் யாரோடயும் பேசறதில்லன்னா. நான் அண்ணன்கிட்ட அடுத்து என்ன திட்டம்னு கேட்டேன்.

"திட்டம் எல்லாம் இல்ல. கேட்டாச்சு. இனிமே அவரு சொல்லணும்" என்றாரு.

அந்த நாட்கள்ல ஞாயித்துக்கிழமை கூட அவரு சிஸ்டத்தைத் தொடல. துணியைப் போட்டு மூடிட்டாரு. எனக்கு என் கல்யாணக் கவலையை விட அதுதான் பெரிய கவலையாப் போச்சு. மனுஷன் இன்னும் கொஞ்சம் கூனிட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரியில ஒரு காலை ஷிப்டு. நாங்க பெட்ரோல் பங்குக்கு நடக்கறதுக்காக டீக்கடையைத் தாண்டிக்கிட்டு இருந்தோம். பஸ்ஸு வந்து எங்க பக்கத்துல நின்னுது. நான் ஓடிப்போய் ஏறப் போனேன். டிரைவரு கையைக் காட்டி என்னை ஓரமா நிக்கச் சொன்னாரு. அண்ணனை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாரு. உள்ள பஸ் நிறைய ஆளு, பின்னாடி லாரிக்காரன் ஹாரன்ல கையை வெச்சு அழுத்தறான். டிரைவரு எதையும் சட்டை பண்ணல.

"நீ அன்னைக்கு நேரா கேட்ட. நானும் நேரா கேக்குறேன். எங்க சகாயமேரிக்கு உன்னைப் புடிச்சிருக்காம். நீ கட்டிக்கிறியா?"

அண்ணன் பின்னாடி திரும்பிப் பார்த்தாரு. வேற யாரையோ கேக்கறாருன்னு நினைச்சுட்டாரு போல. அப்புறம் தன் நெஞ்சுல விரலை வெச்சு, "என்னையா? என்னை அந்தப் பொண்ணு எங்க பாத்துச்சு?" என்றாரு.

டிரைவரு சொன்னாரு. வீட்டுல சண்டை நடந்தப்ப சகாயமேரிதான் குறுக்க வந்திருக்கா. எனக்கு அந்த வெல்டரு வேணாம் மாமா, குடில்ல ராஜாவைத் தள்ளினாரே, அவருன்னா எனக்குச் சரின்னு. அது மோட்டாரு தானேம்மான்னு இவரு கேட்டிருக்காரு. அதுக்கு அவ சொன்னதை டிரைவரு அப்படியே சொன்னாரு.

"மோட்டாருக்கு எப்படி மாமா தெரியும், குழந்தைங்க கையை நீட்டினா நிக்கணும்னு?"

குடில் முன்னாடி உக்காந்திருந்த வாண்டுங்க ராஜாவைத் தொடக் கையை நீட்டினப்பல்லாம் ராஜா நின்னிருக்காரு. கையை எடுத்ததும்தான் நகர்ந்திருக்காரு. அத்தனை கூட்டத்துல அது ஒருத்தி கண்ணுலதான் பட்டிருக்கு. துணிக்கு அடியில தெரிஞ்ச செருப்பையும் பார்த்து வெச்சிருக்கா, அது எடுபிடியா நின்ன ஆளோடதுன்னும் கண்டுபிடிச்சிருக்கா.

பாதி ஐரோப்பாவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச ஆளு, தனக்கு ஒரு 'சரி' சொல்ல வாய் வரல. அவரு போட்ட அத்தனை கணக்குலயும் தன்னை ஒரு ஆளா அவரு சேர்த்ததே இல்ல. கண்ணு நிறைஞ்சு போச்சு. பஸ்ஸு நின்னதுமே எங்களுக்கு முந்தி ஏறிட்ட ராமநாதபுரத்துக்காரரு, பஞ்ச் அடிக்க நேரமாச்சுன்னு கத்தினாரு. "சரிங்க" என்றாரு அண்ணன். டிரைவரு சீட்டுக்கு அடியிலேர்ந்து ஒரு பழக் கவரை எடுத்து அவரு கையில குடுத்தாரு. அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, இவங்களுது முடியட்டும், உன்னை அப்புறம் பார்க்கிறேன்னாரு. அன்னைக்கு கம்பெனி போய்ச் சேர்ற வரைக்கும் அண்ணன் கவரை மடியில வெச்சுக்கிட்டே வந்தாரு. ஒண்ணு கூட எடுத்துத் தின்னல.

ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம். டிரைவரு தன் பங்குக்கு ஒரு வேலை பண்ணினாரு. படப்பை மெயின் ரோட்டுல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். பொண்ணு மாப்பிள்ளை போட்டோ, அதுல மாப்பிள்ளை கோட்டு சூட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டது. கீழ மூணு ராஜா பொம்மை. நடுவுல அவரு பேரு, இனிஷியலோட, ஒவ்வொரு எழுத்தும் முறம் அகலத்துக்கு, சுத்தி லைட்டு. தாம்பரம் போற பஸ்ஸெல்லாம் அந்தப் பேரைப் படிச்சுட்டுத்தான் போச்சு. அண்ணன் அதுக்கு அடியில நின்னு நிமிர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு. என்னண்ணே, விதி போச்சேன்னேன். கோட்டு நல்லா கீதுடான்னாரு.

அடுத்த வருஷம் எனக்கும் ஜெனிக்கும் கல்யாணம் ஆச்சு. எங்களுக்குப் பேனர் வெக்கல. மாமாவுக்கு எப்பவும் மூத்த மாப்பிள்ளை ஒரு படி மேலதான். அண்ணன் வல்லக்கோட்டை பக்கம் மனை வாங்கி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டாரு. போன தடவை போனப்ப சகாயமேரி அக்காதான் சிஸ்டம் முன்னாடி உக்காந்திருந்தாங்க. பிரான்ஸை எடுத்து, நாலு பக்கமும் நேரா போர் தொடுத்து, எல்லாரையும் அடிச்சுத் துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் பக்கத்துல உக்காந்து பொட்டுக்கடலை மென்னுக்கிட்டு, கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாரு.

சாப்பிட்டுட்டுப் பாயை விரிச்சு நான் மல்லாந்து படுத்தேன். கூரைச் சூடு இறங்காம இருக்க, ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில அந்தப் பேனரை இழுத்துக் கட்டியிருந்தாரு. கோட்டு சூட்டு, மூணு ராஜா, முறம் அகல எழுத்துல அவரு பேரு, எல்லாம் கீழ்ப்பக்கம் பார்க்க. படுத்தா நேரா கண்ணுக்கு மேல. நான் அதையே பார்த்துக்கிட்டு இருக்கறதைப் பார்த்துட்டு அண்ணன் பக்கத்துல வந்து படுத்தாரு. 

"வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாதுடா" என்றாரு.